கேட்டில் கொட்டிய உப்புக்கஞ்சி

ராசா என்ற ஊரிலிருந்து உள்ளே தள்ளியிருந்த ஒரு ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் புஷ்பவள்ளி ஆயா வேலை பார்த்தாள். கோபக்காரி என்றுதான் தோட்டத்துச் சனம் குடியிருந்த லயத்தில் அவளுக்குப் பெயர். சும்மாவா வந்தது அந்தக் கோபம்? வெள்ளைக்காரன் அவசரகாலச் சட்டம் போட்டிருந்த அந்த அவசரகாலத்தில் ஒரு பருக்கைச் சோறுகூடத் தோட்டத்து முள்வேலியைத் தாண்டக் கூடாது. காட்டிலிருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குப் போய்விடுமாம். கேட்டில் நின்று சோதனை போட்டவன், ஆட்களை மேய்க்கும் மண்டோர் முருகையா.

ஒருநாள் அவள் புருஷன் செல்லன், வேலிக்கு வெளியே மரம் சீவப் போன இடத்தில், வாந்தியும் பேதியுமாகச் சுருண்டு விழுந்தான். “நடிக்கிறான்” என்று முருகையா அவனை அங்கேயே போட்டுவிட்டுத் திரும்பினான். ஆஸ்பத்திரியைக் கவனித்த டிரெஸ்ஸர் வைரவநாதன் அன்றைக்குப் பக்கத்துத் தோட்டம் போயிருந்தார். சேதி கேட்டதும் புஷ்பவள்ளி, பேதிக்காரர்களுக்குக் கொடுப்பதுபோல் உப்புக்கஞ்சியைப் போத்தலில் ஊற்றிக்கொண்டு ஓடினாள்.

“யாருக்குடி கஞ்சி? காட்டுக்காரனுக்கா?”

“மண்டோரே, உங்க கால்ல விழுறேன். நாக்கு வறண்டு கெடக்குறாராம். நீங்கதானே பாத்துட்டு வந்தீங்க!”

முருகையா சிரித்துக்கொண்டே போத்தலைக் கவிழ்த்தான். லோரி போய்த் தூக்கி வந்தபோது செல்லனுக்கு உயிரில்லை. பாவி! புஷ்பவள்ளி அழவில்லை. கேட்டருகே நின்று மண்ணை வாரித் தூற்றினாள்.

“நீயும் நாக்கு வறண்டு கெடப்பேடா. அதை என் கண்ணால பாக்காம விடமாட்டேன்.”

மழைக்காலம் முடியுமுன்னே அதே பேதி முருகையாவைப் பிடித்தது. கண் குழிவிழுந்து, கைகால் சில்லிட்டு, நாடி பிடிபடாமல் கட்டிலில் கிடந்தான். வைரவநாதன் தட்டித் தடவி நரம்பைத் தேடி ஊசியை ஏற்றி, சேலைன் போத்தலைக் கம்பியில் மாட்டினார்.

“பிள்ளை, சொட்டு நிக்காமப் பாத்துக்கொள்ளும். நிண்டால் ஊசியில ரத்தம் உறைஞ்சுபோம். பிறகு இன்னொரு நரம்பு அகப்படாது, ஆள் முடிஞ்சுது.”

பிரசவ அறையிலிருந்து அலறல் கேட்டு அவர் ஓடினார். புஷ்பவள்ளி ரப்பர் குழாயின் கவ்வியைப் பிடித்து இறுக்கினாள். சொட்டு நின்றது. மனசு குளிர்ந்தது அவளுக்கு. ஆமாம், குளிரத்தான் செய்தது, அதிலென்ன ஒளிவுமறைவு?

“தண்ணி... தாயே...”

“அன்னிக்கி நீ கொட்டுனது யாரு கஞ்சி? சொல்லு!”

“செல்லனுக்கு... தெரியும்... தெரிஞ்சேதான் கொட்டுனேன்...”

அடப்பாவி, வாயால் சொல்லிவிட்டு நிம்மதியாகப் போய்ச் சேரப் பார்க்கிறானே!

“செத்துத் தப்பிச்சுக்கலாம்னு பாக்குறியா? நீ போயிட்டா, நான் யாரைப் போய்க் கேக்குறது?”

கவ்வியைத் தளர்த்தினாள். சொட்டு மறுபடி விழுந்தது. போத்தல் காலியாகும்வரை கண்ணை எடுக்காமல் நின்றாள்.

முருகையா பிழைத்து எழுந்து பழையபடி கேட்டுக்கு வந்தான். அவளும் வந்தாள், தன் பங்குக் கஞ்சியில் உப்புப் போட்ட போத்தலோடு. வேலைக்குப் போகிற சனம் முழுக்கப் பார்த்தது.

“மண்டோரே, செல்லனுக்குக் கஞ்சி. கொட்டுங்க.”

அவன் கை எழவில்லை. அவளே அவன் காலடியில் கவிழ்த்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு நடந்தாள். மறுநாளும் வந்தாள். அதற்கு மறுநாளும். மாற்றல் கேட்டுத் துரையிடம் அவன் கெஞ்சிப் பார்த்தான், கிடைக்கவில்லை.

அவசரகாலம் முடிந்து வேலியைப் பிரித்தார்கள். கேட்டையும் கழற்றிக் கொண்டுபோனார்கள். அன்று காலை போத்தலோடு வந்த புஷ்பவள்ளி, கேட் இருந்த இடத்தைத் தாண்டி நேரே முருகையாவின் வீட்டு வாசலுக்குப் போய்க் கொட்டினாள்.