ஐந்து பள்ளமா, ஏழு பள்ளமா

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில் நான் இலங்கை மலையகத்தில், நோர்வூட்டுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிஸ்பென்சராக இருந்தேன். மருந்து கலக்கிக் கொடுப்பதுதான் வேலை. ஆனால் லயம் என்ற வரிசை வீடுகளில் இருந்த தோட்டத்துச் சனங்களுக்கு நான் டாக்டரையா.

தோட்டத்தை நடத்திய வெள்ளைக்காரரான எங்கள் பெரிய துரைக்கும் பக்கத்துத் தோட்டத்துத் துரைக்கும் குறிபார்த்துச் சுடுவதில் பைத்தியம். இருவருக்கும் இருந்த சண்டை துப்பாக்கிக் குழலின் உட்பக்கத்தைப் பற்றியது. குண்டு சுழன்றுகொண்டே நேராகப் போகவேண்டும் என்று குழலுக்குள் திருகாணிபோல முறுக்கிப் பள்ளம் வெட்டியிருப்பார்கள். எங்கள் துரையின் பழைய துப்பாக்கியில் ஆழமில்லாத, விளிம்பு மழுங்கிய ஏழு பள்ளங்கள். அவற்றில் கரி தங்காது, ஆகவே குறி தப்பாது என்பது அவர் கட்சி. மற்றவருடையதில் விளிம்பு கூரான ஐந்து பள்ளங்கள். அவை குண்டை இறுகப் பிடிக்கும், மழுங்கிய பள்ளமோ வெடிமருந்துச் சூட்டில் சீக்கிரம் தேய்ந்துபோகும் என்பது அவர் வாதம். இதற்காகக் கிளப்பில் இருவருக்கும் பேச்சுவார்த்தையே நின்றுபோயிற்று. தேயிலை விலை விழுந்து, ஆட்களைக் குறைத்துக்கொண்டிருந்த காலம் அது. அந்த விஷயத்தில் மட்டும் இருவருக்கும் ஒரே கருத்து.

ஒருநாள் காலையில், சண்டையை ஒருவழியாகத் தீர்த்துவிடுவது என்று இருவரும் துப்பாக்கியோடு ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தார்கள்.

"கந்தகம் இருக்கா? எல்லாம் கொண்டா" என்றார் எங்கள் துரை, தோட்டத்தில் பழகிய தமிழில்.

சிரங்கு மருந்துக்காக வந்திருந்த கந்தகம். அதை உருக்கிக் குழலுக்குள் ஊற்றி, இறுகியதும் தள்ளியெடுத்தால் பள்ளத்தின் அச்சு கிடைக்குமாம். முதல் அச்சு முறிந்தது. இரண்டாவது தடவை சட்டியே தீப்பிடித்து, நாங்கள் மூவரும் கண்ணைக் கசக்கிக்கொண்டு வெளியே ஓடிவந்தோம். வாசலில் சிரங்குக்காரர்கள் வரிசையில் நின்றிருந்தார்கள். கொழுந்து எடுக்கும் பெண் ஒருத்தி என்னை மெதுவாகக் கேட்டாள்:

"டாக்டரையா, தொரைமாருக்குமா செரங்கு?"

"இல்லம்மா, துப்பாக்கிக்கு."

அவள் துரையின் துப்பாக்கியை விட்டு இரண்டடி தள்ளி நின்றுகொண்டாள்.

கந்தகம் தீர்ந்தபோது ஒரு பிஸ்கட் டின் நிறைய மஞ்சள் குச்சிகள் சேர்ந்திருந்தன. துரைமார் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார்கள். தன் கட்சியே சரி என்று இருவருக்கும் தெளிவாகத் தெரிந்தது. அவற்றைப் பொடித்து மருந்தாக்கட்டுமா என்று கேட்டேன்.

"பைத்தியமா? இது சாட்சி!" என்று டின்னை எடுத்துக்கொண்டு போய்விட்டார் துரை.

ஞாயிற்றுக்கிழமை புல்மேட்டில் போட்டி. கங்காணியும் இரண்டு ஆட்களும் குறிப்பலகைக்குக் கீழே குழி வெட்டி, அதற்குள் உட்கார்ந்து, குண்டு பட்ட இடத்தை நீளக் கம்பால் காட்டினார்கள். யாருக்காவது காயம் பட்டால் என்று என்னையும் பஞ்சும் துணியுமாகக் கூட்டிப் போயிருந்தார்கள். எங்கள் துரை சுட்டார். பாதி குண்டு ஓரத்தில். மற்றவர் சுட்டார், அதே கதி. காற்றைத் திட்டினார்கள். கடைசியில் எதிராளியின் துப்பாக்கி எவ்வளவு மோசம் என்று நிரூபிக்க ஆளுக்காள் மாற்றிக்கொண்டார்கள். அதுதான் வினையாயிற்று. வெறுத்த துப்பாக்கியால் இருவருமே நடுவட்டத்தில் அடித்துத் தள்ளினார்கள். கங்காணியின் கம்பு நடுவை விட்டு நகரவேயில்லை. ஜெயித்தவர் யாரென்று சொல்ல எனக்கும் தெரியவில்லை, சிரிப்பை அடக்கத்தான் பெரும்பாடு பட்டேன்.

மறுநாள் துரை அந்த டின்னை என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். நான் ஏழு பள்ள அச்சையும் ஐந்து பள்ள அச்சையும் ஒரே உரலில் போட்டு இடித்து, தேங்காயெண்ணெயில் குழைத்தேன். வரிசையில் முதலாவதாகக் கங்காணி கையை நீட்டினார்.

"பலகைய கோணலா நட்டுட்டேனாம், டாக்டரையா. அதான் குறி எல்லாம் மாறிப்போச்சாம். ரெண்டு தொரைமாரும் சேந்து ஏசினாங்க."

"சேர்ந்தா?"

"தோள்ல கை போட்டுக்கிட்டுங்க" என்றார் கங்காணி.