மழை விட்ட காலையில் ஒரு விழிப்புணர்வுக் கூட்டம்

அன்று காலை தோட்டத்துக் குழந்தைகள் காப்பகமான பிள்ளைக் காம்பராவில் என் அம்மா இருந்தார். அவரோடு ரப்பர் மரத்தில் பால் வெட்டும் பெண்கள் பதினேழு பேர். வாசலில் கங்காணி. உள்ளே, தொட்டில்களை ஒதுக்கிவிட்டு, பூமி வியர்த்துக் கொட்டுவது போலப் படம் போட்ட பதாகையைக் கட்டிக்கொண்டு நான். வராதவர்கள் இருவர்: ஏழு மணிக்கு வருவதாகச் சொன்ன கொழும்பு ஒருங்கிணைப்பாளரும், எங்கள் தோட்டத்து மேலாளரான பெரிய தொரையும்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முடித்தவன் நான் ஒருவன்தான். காலநிலை மாற்றம் பற்றித் தோட்டங்களில் விளக்க, தமிழும் சிங்களமும் பேசும் ஆள் ஒரு கொழும்புத் தொண்டு நிறுவனத்துக்குத் தேவைப்பட்டதால் அந்த வேலை கிடைத்தது. அதை நான் முழுசாக நம்பித்தான் செய்தேன்.

அந்த மாதம் குருவிட்டப் பக்கமெல்லாம் விடாத மழை. பட்டை நனைந்தால் ரப்பர் வெட்ட முடியாது. வெட்டாவிட்டால் பேர் விழாது. பேர் என்றால் ஒரு நாள் சம்பளம். மாதத்துக்கு இத்தனை பேர் என்று சேராவிட்டால் சம்பளத்துக்கு மேலதிகமாகத் தரும் வரவுக் காசும் சேர்ந்து போய்விடும். எல்லாப் பெண்களும் அந்த விளிம்பில்தான் நின்றார்கள். அன்றுதான் வானம் வெளுத்தது. ஒருங்கிணைப்பாளரும் அதற்குத்தான் காத்திருந்தார். மழை விட்டால்தானே ஜீப் மலையேறும், படம் தெளிவாக விழும்! 'நாளை மழை விட்டால் ஏழு மணிக்கு வருகிறேன். தொரையிடம் பேசிவிட்டேன், வருகிறவர்களுக்கு முழுப் பேர்' என்று முந்திய நாளே தொலைபேசியில் உறுதி சொல்லியிருந்தார். நான் தொழிலாளர் குடியிருப்பில் லயம் லயமாகப் போய் அதைச் சொன்னேன்.

எட்டு மணியானது. வெயில் ஏறிவிட்டால் மரத்தில் பால் ஓடாது.

"என்னா தம்பி, ஒங்க கொழும்பு மாத்தியா இன்னும் எந்திரிக்கலையா?" என்று ஓர் அக்கா கேட்டார்.

"ஏசியில படுத்திருப்பாரு. குளுருல எந்திரிக்க மனசு வருமா?" என்றார் பக்கத்திலிருந்தவர். எல்லோரும் சிரித்தார்கள்.

அம்மா சிரிக்கவில்லை. "இப்ப போனாக்கூட பாதி மரம் வெட்டிறலாம்ப்பா. போகட்டுமா?"

"பேரு போடுவாங்கம்மா. தொரைகிட்ட பேசிட்டாங்க."

பத்து மணிக்கு ஜீப் வந்தது. பேச்சு முடியும்வரை அதன் எஞ்சினை யாரும் நிறுத்தவில்லை; சாரதிக்குப் புழுக்கமாம். விறகு எரிப்பதைக் குறையுங்கள், மின்சாரத்தை வீணாக்காதீர்கள் என்று ஒருங்கிணைப்பாளர் சிங்களத்தில் சொன்னதையெல்லாம் நான் தமிழில் சொன்னேன்.

"வீட்டுக்கு ஒத்த பல்பு. அதுல எந்தப் பக்கத்த அணைக்கிறதுன்னு கேளுப்பா," என்றார் அதே அக்கா.

கேட்டேன். ஒருங்கிணைப்பாளர் சிரித்தார். பிறகு வெறும் பால் வாளிகளோடு பெண்களை வரிசையாக நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டு போனார்.

சாயங்காலம் கங்காணி லயத்துக்கு வந்தார். "தொரைக்கு எதுவுமே தெரியாதாம். வெட்டாத ஆளுக்குப் பேர் இல்லன்னுட்டாரு."

ஒருங்கிணைப்பாளரைத் தொலைபேசியில் பிடித்தேன். "அனே மல்லி, ஐயோ தம்பி, ஆபீஸில் யாரிடமோ சொல்லி வைத்தேனே," என்றார். "நல்ல விஷயம் கேட்கவும் காசு வேண்டுமா உங்கள் ஆட்களுக்கு?"

மறுநாள் காலை பங்களாவுக்குப் போனேன். தொரை படியைவிட்டு இறங்கவில்லை. "நீ படிச்ச பொடியன்தானே? பால் வெட்டினா பேர். கூட்டம் கேட்டா பேர் இல்ல. போ."

ஒருவர் பொய் சொன்னார், இன்னொருவர் சட்டம் பேசினார். இரண்டு பேருடைய சம்பளத்திலும் ஒரு சதம் குறையவில்லை. ஆயுளில் ஒரு வாகனம் வாங்காத, காற்றில் ஒடிந்து விழுந்த கிளையைச் சுமந்துவந்து அடுப்பெரிக்கும் பெண்களுக்குப் பூமியைக் காப்பாற்றக் கற்றுக்கொடுக்க வந்தவர்கள், மழை விட்டுவைத்த ஒரே நாளையும் எடுத்துக்கொண்டு போனார்கள். அந்தப் பதாகையை நான் திருப்பிக் கொடுக்கவில்லை. வேலைக்கும் திரும்பப் போகவில்லை.

சம்பள நாளில் அம்மா காசை என் முன்னால் வைத்தார். அந்த ஒரு பேர் குறைந்ததால் கூட்டத்துக்கு வந்த ஒருவருக்கும் வரவுக் காசு இல்லை. நாள் சம்பளத்தையும் சேர்த்தால், பதினெட்டுப் பேருக்கும் போனது இருபத்து நாலாயிரத்து முந்நூறு ரூபாய்.