எண்பத்தேழு வயது மகள்

லண்டன் ஹரோவில் ஒரு கணக்காளரின் அலுவலகத்தில் நான் பல வருடங்களாக வேலை செய்கிறேன். கணக்கு எனக்குத் தெரியாது. வருகிறவர்களை இருத்தித் தேநீர் கொடுப்பதும், அவர்கள் கடைப் பையில் திணித்துக் கொண்டுவரும் கடிதங்களை அடுக்கிக் கொடுப்பதும்தான் என் வேலை. தொலைபேசியை எடுக்கச் சொன்னால் எனக்குப் பயம். முதலாளி தமிழ்நாட்டுக்காரர், என்னைவிட இளையவர். "அக்கா, போனை நான் பாத்துக்கிறேன், நீங்க டீயைப் பாருங்க" என்று முதல் மாதமே சொல்லிவிட்டார். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் நான் அங்கே நின்றுவிட்டேன்.

வரிக் கணக்கை ஜனவரி முடிவதற்குள் அனுப்ப வேண்டும். அதனால் எங்கள் இலங்கை ஆட்கள் எல்லோரும் ஜனவரிக் கடைசியில்தான் வருவார்கள். அப்படித்தான் அந்த ஐயாவும் அம்மாவும் வந்தார்கள். ஐயாவுக்குத் தொண்ணூறு தாண்டிவிட்டது, அம்மாவுக்கு எண்பத்தேழு. பிளேஸ்டோவில் முன்பு நடத்திய கடையை வாடகைக்கு விட்டிருப்பதால் வருடா வருடம் கணக்குக் காட்டுவார். அந்த வயதுக்காரர்கள் மனைவியோடு வாழ்ந்தால் வரியில் ஒரு கழிவு உண்டு. முதலாளி திரையில் ஒரு பெட்டியில் புள்ளடி போட்டு அதை எடுத்துக் கொடுப்பார். நான் தேநீர் கொண்டு போவதற்குள் வேலை முடிந்துவிடும்.

அந்த வருடம் வேலை அப்படி முடியவில்லை. முதலாளி வாங்கி வைத்திருந்த மென்பொருளைப் புதுப்பித்திருந்தார்கள். குடும்பத்தில் யார் யாருக்கு என்ன உறவு என்பதை இனி அது பெயர்களைப் பார்த்துத் தானே கண்டுபிடிக்குமாம்.

எங்கள் ஆட்களிடம் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. தகப்பனின் பெயர் பிள்ளையின் பெயருக்குப் பின்னால் வரும். பெண்ணுக்குக் கலியாணம் ஆனால் தகப்பன் பெயர் போய், அந்த இடத்தில் புருஷன் பெயர் வந்து நிற்கும். இந்த வழக்கத்தில் முதல் பாதியை மட்டும் யாரோ அந்த மென்பொருளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். திரையில் ஐயாவின் பெயருக்குக் கீழே இப்படி இருந்தது: மனைவி, இல்லை. பிள்ளை, ஒன்று. அதற்குக் கீழே ஒரு கேள்வி: இந்தப் பிள்ளை முழுநேரக் கல்வியில் இருக்கிறதா?

முதலாளி அதைத் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"ஆரைக் கேக்குது?" என்றார் ஐயா.

"அம்மாவைத்தான் ஐயா. உங்க பொண்ணுன்னு நினைச்சிருக்கு."

ஐயா மனைவியை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். "படிப்பிச்சுப் பாத்தனான் தம்பி. பிள்ளை சொல்வழி கேக்காது."

அம்மா சிரிக்கவில்லை. "கழிவு கிடைக்காட்டில் போகட்டும். இதை இப்பிடியே அனுப்பினால் என்ன நடக்கும்?"

"கவர்மென்ட் ரெக்கார்டுல ஐயாவுக்குக் கல்யாணம் ஆகலைன்னு போயிடும்மா."

"அப்ப அறுபது வருஷமாச் சமைச்சுப் போட்டது ஆர்? மகளோ? மாத்துங்கோ தம்பி. மாத்தாமல் நான் இந்தக் கதிரையை விட்டு எழும்ப மாட்டன்."

முதலாளி மாற்றிப் பார்த்தார். அந்தப் பெட்டி பூட்டிக் கிடந்தது. மென்பொருள் நிறுவனத்துக்குத் தொலைபேசி எடுத்து, எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தார். ஆங்கிலத்தில் பேசிய பெண் மிகவும் மரியாதையானவள். உறவை மாற்றலாம், ஆனால் சம்பந்தப்பட்டவர் தன் முழுப்பெயரைத் தன் குரலில் சொல்ல வேண்டும், ஒரு தானியங்கிக் குரல் கேட்டுப் பதிந்துகொள்ளும் என்றாள்.

"அவ்வளவுதானா?" என்று முதலாளி நிம்மதியாகச் சாய்ந்தார். நான் அம்மாவைப் பார்த்தேன்.

உங்கள் முழுப்பெயரைச் சொல்லுங்கள் என்றது தானியங்கி.

அம்மா தன் பெயரின் முதல் பாதியைச் சொல்லி நிறுத்தினார்.

முழுப்பெயர் என்றது தானியங்கி.

அம்மா தேநீர்க் கோப்பையைப் பார்த்தார்.

"மீதியையும் சொல்லுங்கம்மா. உங்க பேருதானே?"

"மற்றப் பாதி அவரின்ர பேர் தம்பி."

முதலாளிக்கு விளங்கவில்லை. அம்மாவின் காலத்துப் பெண்கள் புருஷனின் பெயரை வாயால் சொல்வதில்லை. சொன்னால் அவரின் ஆயுள் குறையும் என்பார்கள். டொக்டரிடம் போனால்கூட அம்மா பெயர் போட்ட பஸ் பாஸை எடுத்து நீட்டுவாரே தவிர, வாய் திறக்க மாட்டார். இதை நான் சொல்லி முடித்தபோது தானியங்கி இணைப்பைத் துண்டித்துவிட்டது.

மறுபடியும் எடுத்தோம். அதே பெண் வந்தாள். அம்மாவின் பெயரைத் தானே சொல்லலாமா என்று முதலாளி கேட்டார். உங்கள் குரல் ஒரு மூதாட்டியின் குரலாக இல்லை சார் என்றாள்.

"பிள்ளையளின்ர தகப்பன் எண்டு சொல்லு பிள்ளை, அது போதாதே?" என்று அம்மா என்னைப் பிடித்து உலுக்கினார். வேறு வழியில்லாமல் சொன்னேன். அந்தப் பெண், பிள்ளைகள் இருப்பது திருமணத்துக்கு அத்தாட்சி ஆகாது என்றாள்.

"என்னவாம்?"

"கொஞ்சம் பொறுக்கட்டாம்" என்றேன். அதை அம்மாவுக்குத் தமிழில் சொல்ல என்னால் ஏலாது.

"இஞ்சேர், சொல்லிவிடும்" என்றார் ஐயா. "எனக்குத் தொண்ணூறு தாண்டீட்டுது. இனி எதைக் குறைக்கிறது?"

"விசர்க்கதை கதையாதேங்கோ. உங்களுக்கு முன்னால நான் சொல்ல மாட்டன்."

"அப்ப நான் வெளியில போறன். காது மிசினையும் கழட்டி வைச்சிட்டுப் போறன். காணுமோ?"

சொன்னபடியே இரண்டையும் கழற்றி மேசையில், சீனிப் போத்தலுக்குப் பக்கத்தில் வைத்தார். முதலாளி அவரைக் கைபிடித்து வெளியே கூட்டிப்போய் இருத்தினார். அம்மா முதலாளியையும் உள்ளே வரவேண்டாம் என்றார். தொலைபேசியோடு நான் மட்டும் நின்றேன்.

அந்தப் பெண் இணைத்துவிட, தானியங்கி கேட்டது. அம்மா கதவைப் பார்த்தார். சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு, முழுப்பெயரையும் ஒரு மூச்சுப்போலச் சொன்னார். பக்கத்தில் நின்ற எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

மன்னிக்கவும், கேட்கவில்லை, சத்தமாகச் சொல்லுங்கள் என்றது.

"பாவி, ஒருக்காச் சொல்ல வைச்சது போதாதே!" என்றார் அம்மா.

அந்தப் பெயர் பதிவில் இல்லை என்றது.

அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. தலைப்பை உதறிவிட்டு எழுந்து, மேசையில் இரண்டு கைகளையும் ஊன்றி, தன் பெயரை மெதுவாகவும் புருஷனின் பெயரை அலுவலகமே அதிரும்படியும் சொன்னார்.

"ஓம்! வாறன்!" என்று வெளியிலிருந்து பதில் வந்தது.

நானும் அம்மாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். நன்றி, உங்கள் விவரம் மாற்றப்பட்டது என்றது தானியங்கி.

ஐயா கதவைத் திறந்துகொண்டு வந்தார். பின்னால் வந்த முதலாளி திரையைப் பார்த்து, "மாறிடுச்சும்மா! மனைவின்னு வந்திடுச்சு" என்றார். பிறகு தலையைச் சொறிந்தார். திரையில், உங்கள் திருமணத்துக்கு வாழ்த்துகள் என்று பூக்கள் விழுந்துகொண்டிருந்தன.

அம்மா திரையைப் பார்க்கவில்லை. ஐயாவின் காது மிசின்களை எடுத்து அவர் கையில் வைத்தார். பிறகு அவரை நாற்காலியில் இருத்தி, உச்சி முதல் கால்வரை பார்த்து, காதருகே குனிந்து கேட்டார்.

"நெஞ்சு ஏதும் செய்யுதோ?"

ஐயா யோசித்தார். ஆற அமர ஒரு காதை மாட்டினார், மற்றக் காதையும் மாட்டினார். அதுவரை அம்மா மூச்சு விட்டதாக எனக்குத் தெரியவில்லை.

"பசிக்குது" என்றார்.

"வீட்டை வாங்கோ" என்று அம்மா கோட்டை எடுத்து அவர் தோளில் போட்டார்.