இழுத்தால் அவிழும் முடிச்சு

பங்குனி பிறந்துவிட்டால் எங்கள் வீட்டில் நிம்மதி போய்விடும். பரளச்சிக்குத் தெற்கே, கண்மாயை ஒட்டிய சின்ன ஊர் எங்களுடையது. கண்மாய் என்று பேர்தான். எண்பதுகளின் கடைசியில் அதற்குள் தண்ணீர் நின்றதை நான் பார்த்தது குறைவு, சீமைக்கருவேல் நின்றதைப் பார்த்ததுதான் அதிகம். மழை ஏமாற்றிய வருடங்களில் அந்த முள்ளுக்கு அடியில் புல்லும் சருகும் முழங்கால் உயரத்துக்குக் காய்ந்து கிடக்கும். காற்றடிக்கிற நேரத்தில் ஒரு பொறி விழுந்தால் போதும், தீ கரையேறி வந்துவிடும். ஊரில் முக்கால்வாசி கூரை வீடு.

எங்கள் அய்யாவுக்குத் தீ என்றால் குலைநடுக்கம். நான் சின்னப்பிள்ளையாக இருந்தபோது பக்கத்துத் தெருவில் ஒரு வீடு எரிந்து, தொழுவத்தில் கட்டியிருந்த பசு கட்டியபடியே கருகிப்போனது. அதன் அலறலை அய்யா கேட்டிருக்கிறார். அதற்குப் பிறகு கோடை வந்தால் மனுசர் எங்களைப் படுத்தி எடுத்துவிடுவார். வெயில் ஏறுவதற்குள் சமையலை முடித்து அடுப்பில் தண்ணீர் தெளிக்க வேண்டும். தெளித்தால் மட்டும் போதாது, அவர் வந்து குச்சியால் சாம்பலைக் கிளறிப் பார்ப்பார். "சோத்துல கிளறுங்க, கல்லாவது கிடைக்கும்" என்று அம்மா முணுமுணுப்பாள். வாசலில் தண்ணீர்ப் பானைகள், ஒரு மணல் குவியல், நனைத்த சாக்கு. விறகுக்கு வைத்திருந்த பருத்திமாரைக் கூரை பக்கமே அண்டவிட மாட்டார். இதெல்லாம் போக, தீ வந்தால் யார் எதை எடுப்பது என்று வேறு பிரித்துவிட்டிருந்தார். தகரப்பெட்டி அம்மா பொறுப்பு. தம்பி என் பொறுப்பு. அந்தக் குண்டனை இடுப்பில் தூக்கிக்கொண்டு நான் கோயில் பொட்டலுக்கு ஓட வேண்டுமாம். மாடுகள் இரண்டும் அய்யா பொறுப்பு.

ஒன்று வெள்ளை, இன்னொன்று மயிலை. வெள்ளை சாது. மயிலை கொஞ்சம் திமிர் பிடித்தது, ஆனால் அம்மாவைக் கண்டால் கையை நக்கிக்கொண்டே நிற்கும். எங்கள் உழவு, வண்டி, சோறு எல்லாம் அந்தச் சோடிதான். கோடை மாதங்களில் மட்டும் அய்யா அவற்றை வேறு விதமாகக் கட்டுவார். கயிற்றின் நுனியை ஒரே இழுப்பு இழுத்தால் அவிழ்ந்துவிடுகிற முடிச்சு. ஊரில் எல்லாருமே அப்படித்தான். தீ என்று சத்தம் கேட்டால் எங்கள் பக்கத்தில் பிள்ளையைக்கூடப் பிறகுதான் கேட்பார்கள். தெருவில் ஓடுகிறவன் ஒவ்வொரு வாசலிலும் முதலில் கேட்பது, "மாட்ட அவுத்தாச்சா?" என்பதுதான்.

நான் எட்டாவது படித்த வருடம் மழை அறவே பொய்த்துவிட்டது. சோளம் கதிர் வாங்காமல் நின்றுபோனது. கிடைத்த தட்டையை அறுத்துப் படப்பாக அடுக்கினோம். அடுத்த ஐப்பசி மழை வரைக்கும் இரண்டு மாட்டுக்கும் அதுதான் தீனி. அது இல்லையென்றால் மாடு இல்லை. ஊரில் எல்லாருக்கும் இதே கதைதான், ஒருத்தரிடம் போய்க் கேட்கவும் முடியாது.

படப்பு எப்போதும் தொழுவத்துக்குப் பின்னால்தான் இருக்கும். அந்த வருடம் அய்யா அதைக் கண்மாய்க் கரைக்கு இந்தப் பக்கம் இருந்த எங்கள் புஞ்சைக்கு மாற்றுவதென்று முடிவு செய்தார். அம்மாவுக்குப் பிடிக்கவே இல்லை. கண்ணுக்கு மறைவாய் எதற்கு, முள்ளுக்காட்டுப் பக்கமாய் எதற்கு என்று மல்லுக்கு நின்றாள்.

"படப்பு போனா மாடு மிஞ்சும். படப்பு இங்க கிடந்து பத்துச்சுன்னா மாடே போயிரும்" என்றார் அய்யா.

வண்டி வண்டியாக ஏற்றிக்கொண்டு போனோம். படப்பைச் சுற்றி ஒரு புல் இல்லாமல், அந்த மாடுகளைப் பூட்டியே வட்டமாக உழுது வெறும் மண்ணாக்கினார். இனிமேல் எந்தத் தீயும் தாண்டாது என்று அவருக்கு அவ்வளவு தெம்பு.

வைகாசியில் ஒரு மத்தியானம் கண்மாய்க்குள் புகை கிளம்பியது. கரி சுடப் போட்ட மூட்டம் என்றார்கள், பீடி என்றார்கள், எந்தப் பாவியோ. மேல்காற்று சுழற்றி அடித்தது. தீ உழுத மண்ணில் கால் வைக்கவே இல்லை. எரிகிற சருகைக் காற்று தூக்கிக்கொண்டுபோய்ப் படப்பின் உச்சியில் போட்டது. குடத்தோடு ஓடியவர்களால் பக்கத்தில் நெருங்க முடியவில்லை. ஊருக்குள் தீ வரவில்லை. வீடு, தொழுவம், மாடு எல்லாம் பத்திரம். வந்தவர்கள் எல்லாரும், வீடு தப்பித்ததே, அதைச் சொல் என்றார்கள். எனக்கு அவர்களை வாயிலேயே போட வேண்டும் போல ஆத்திரம் வந்தது.

அதன்பிறகு அய்யா பனையோலை வெட்டிப்போட்டார், வேலிக்கொடி பறித்துப்போட்டார். கடைசியில் தொழுவத்தின் மேலேறி, தீக்குத் தப்பிய வரகுத்தாள் கூரையைப் பிடுங்கிப்போட்டார். புகையும் கரையானும் ஏறிய தாள். வெள்ளை தலைகுனிந்து தின்றது. மயிலை மோந்து பார்த்துவிட்டு அம்மாவைப் பார்த்தது. அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். விலா எலும்பு துருத்தத் தொடங்கியபோது, நிற்க முடிகிறபோதே சந்தைக்குக் கொண்டுபோவது என்று ஆனது.

சந்தையில் அந்த வருடம் லாரிக்காரர்களைத் தவிர வாங்க ஆளில்லை. லாரி எங்கே போகும் என்று எல்லாருக்கும் தெரியும். மாட்டை விற்றாலும் கயிற்றை விற்கக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அய்யா இரண்டு கயிறுகளோடு திரும்பி வந்து, தொழுவத்துச் சுவரில் அவற்றை மாட்டிவிட்டுக் குப்புறப் படுத்தார். அவர் தோள் குலுங்கியதை அன்றுதான் பார்த்தேன்.

அடுத்த வருடமும் பங்குனி வந்தது. பானை வைத்தோம், மணல் குவித்தோம். அய்யா வந்து சாம்பலைக் கிளறினார். அம்மா எதுவும் முணுமுணுக்கவில்லை. சித்திரை வெயிலில் ஒரு நாள் கீழத்தெருக் கடைசியில் ஒரு கூரை பற்றிக்கொண்டது. தீ, தீ என்று கூப்பாடு. நான் தம்பியைத் தூக்கினேன், அம்மா பெட்டியைத் தூக்கினாள். அய்யா தொழுவத்துக்குள் ஓடினார்.

எதிர்வீட்டுச் சித்தப்பா குடத்தோடு எங்கள் வாசலைத் தாண்டி ஓடியவர், பழக்கத்தில் கேட்டுவிட்டார்.

"அண்ணே, மாட்ட அவுத்தாச்சா?"

அய்யா வெளியே வந்தார். கையில் அந்த இரண்டு கயிறும் இருந்தன.

"அவுத்தாச்சுப்பா" என்றார்.

சித்தப்பா குடத்தைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டார். எனக்கு அங்கேயே உட்கார்ந்து அழ வேண்டும் போலிருந்தது. இடுப்பில் தம்பி இருந்தான். பொட்டலைப் பார்த்து ஓடினேன்.