அருணகிரியும் ஒரு கொசுறும்

தாவீதைப் பற்றி யாராவது பேச்செடுத்தால் எனக்கு முதலில் கோபம்தான் வரும். யார் மேல் என்று கேட்காதீர்கள். எல்லார் மேலும்தான், அவன் மேலும் சேர்த்து.

படாளத்துக் காசியம்மாளின் மகன் அவன். ஊரார் வயலில் நாற்று நட்டே அவனை எஸ்.எஸ்.எல்.சி. வரை படிக்க வைத்தாள். அவனும் பாஸ் செய்தான். பாஸ் செய்து என்ன பிரயோஜனம்? செங்கல்பட்டில் அப்பாசாமியின் ரைஸ் மில்லில் மூட்டைதான் தூக்கினான். சாயங்காலமானால் பாஸ்கெட் பால். எங்கள் கிளப்புக்கு அப்பாசாமியே பிரசிடெண்ட். “இந்த வருசம் கோப்பை முடியட்டும், குடோன்ல கணக்கெழுதற வேல உனுக்குத்தான்” என்று தாவீதிடம் சொல்லியிருந்தார். முதுகிலிருந்து மூட்டை இறங்கி, மேஜைக்கு முன்னால் நாற்காலி வரப் போகிறது என்ற அந்த ஒரே நினைப்பில் அவன் மைதானத்தில் உயிரை விட்டு ஓடினான்.

மைதானத்துக்கு எதிரே என் தையல் கடை. டீம் பனியன்களுக்கு நம்பர் தைப்பவன் நான்தான். அதனால் ஊரின் வெட்டிப் பேச்செல்லாம் என் கடை பெஞ்சில் நடக்கும். எழுபத்திரண்டில், சாராயக் கடைகள் திறந்திருந்த சமயம், ஒரே பேச்சு சீனுவைப் பற்றி. மாமல்லபுரம் கிளப்பில் ஆடிக்கொண்டிருந்தவன். மகா ஆட்டக்காரன், மகா குடிகாரன். அவனை விட்டுவிடத் தயார், பதிலுக்கு உங்கள் நெட்டை அருணகிரியைக் கொடுங்கள் என்று அந்த கிளப்பிலிருந்து கேட்டிருந்தார்கள்.

“சீனு கையில பால் வந்தா பாயிண்ட்டுதான் மச்சான். ஆனா ஆளு பேஜாரு. ஊத்திகினு வந்து ரெஃப்ரியயே அட்ச்சவன்” என்றார் பீடி இலை வியாபாரி ஜெயினுலாபுதீன். எங்கள் டீம் தோற்றால் அன்றைக்கு வீட்டில் சாப்பிட மாட்டார், அப்படிப்பட்ட ரசிகர்.

“அந்த சனியன் நமக்கு எதுக்கு?” என்றேன் நான். “அருணகிரி மந்தமா இருந்தாலும் ஒயுங்கா வர்ரான், ஒயுங்கா போறான்.”

அதுவரை சும்மா இருந்த தாவீது குறுக்கே வந்தான்.

“இல்ல பாய். சீனு கெட்டவன் இல்ல. அவனுக்கு அங்க சரியா பால் போட ஆளு இல்ல, அந்தக் கடுப்புல குடிக்கறான். நான் போட்டுக் குட்த்தா கோப்பை நம்மளுதுதான். என் வூட்லயே தங்கட்டும், நான் பாத்துக்கறேன்.”

அப்படி ஒரு நம்பிக்கையோடு சொன்னான். ஆட்டம் தெரிந்தவன் வேறு. பெஞ்சு மொத்தமும் அவன் பக்கம் சாய்ந்துவிட்டது. அப்பாசாமியும் கேட்டுக்கொண்டே இருந்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாமல்லபுரம் போய்ப் பேசி முடித்துவிட்டு, அப்பாசாமி நேராக என் கடைக்கு வந்தார்.

“முட்ச்சிட்டேன். அருணகிரி ஒருத்தன் பத்தாதுன்னாங்கோ. கூட ஒரு ஆளு வேணுமாம். கொசுறுதான கேக்கறாங்கோன்னு தாவீத சேத்துட்டேன்.”

தாவீது பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தான். வேடிக்கைக்குச் சொல்கிறார் என்று நினைத்துச் சிரித்தான். வேறு யாரும் சிரிக்கவில்லை என்று தெரிந்த பிறகுதான் கேட்டான்.

“அப்போ குடோன் வேல, மொதலாளி?”

“நம்ம கிளப்புல ஆட்றவனுக்குத்தானடா அது. சீனுவுக்கு ஒரு வேல குட்த்தாதான் ஊர்ல நிப்பான். நீ மாட்டேன்னா சொல்லிடு. ஆனா மூட்டைக்கும் நாளைக்கு வராத.”

காய் வாங்கினால் கறிவேப்பிலை கேட்போமே, அப்படி எங்கள் பிள்ளையைக் கிள்ளிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார் மனுஷன். ஜெயினுலாபுதீனோ, “அருணகிரிக்கும் தாவீதுக்கும் சீனுன்னா நமக்கு லாபம்தான்” என்று கணக்குப் பார்த்தார். மறுநாள் தாவீதின் பனியன் என் கடைக்கு வந்தது, சீனுவின் அளவுக்குப் பிரித்துத் தைக்கச் சொல்லி.

மாமல்லபுரத்தில் தாவீதை யாரும் ஆட விடவில்லை. அவர்களுக்கு வேண்டியது நெட்டை ஆள், அது கிடைத்துவிட்டது. வயிற்றுப் பாட்டுக்கு நெம்மேலிப் பக்கம் ஒரு கட்டட வேலைக்குப் போனான். அங்கே சிமெண்ட் மூட்டை.

இங்கே எட்டாவது பெயிலான சீனு, குடோன் நாற்காலியில் உட்கார்ந்து தூங்கினான். மூன்று மேட்ச் அபாரமாக ஆடினான், பொய் சொல்லக் கூடாது. அரையிறுதிக்குத் தள்ளாடிக்கொண்டே வந்தான். பந்தை ரெஃப்ரி முகத்தில் எறிந்தான். டீமையே போட்டியிலிருந்து விலக்கினார்கள். அன்றைக்கே அப்பாசாமி அவனை மில்லை விட்டும் துரத்தினார்.

சேதி தெரிந்து தாவீது மறுநாள் காலை பஸ்ஸில் வந்துவிட்டான். வெள்ளைச் சட்டை போட்டு, தலையை அழுந்த வாரியிருந்தான். நானும் மில்லுக்குக் கூடப் போனேன். நாற்காலி காலியாக இருந்தது, பக்கத்திலேயே அப்பாசாமியும் ஜெயினுலாபுதீனும் நின்றார்கள்.

“இன்னா மூஞ்சிய வெச்சிகினு வந்த நீ?” என்றார் அப்பாசாமி. “நீ சொல்லித்தானடா அவன இட்டாந்தோம். பாத்துக்கறேன்னியே, பாத்தியா?”

“மெய்தான். நாங்க கூட வேணாம்னுதான் சொன்னோம்” என்றார் ஜெயினுலாபுதீன்.

அவனை மாமல்லபுரத்துக்குத் தள்ளியதே நீங்கள்தானே, அங்கேயிருந்து எப்படிப் பார்த்துக்கொள்வான் என்று நான் கத்தினேன். மில்லில் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. காதில் விழவில்லை என்பது போல இரண்டு பேரும் நெல்லைப் பார்க்கப் போய்விட்டார்கள்.

தாவீதைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்தேன். பஸ் ஸ்டாண்டில் டீ வாங்கிக் கொடுத்தேன். அதைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டே சொன்னான்.

“அவுரு சொல்றதும் ஞாயந்தானண்ணே. நான் சொல்லலன்னா அவன எட்த்திருக்க மாட்டாங்கோ. பாவம், கிளப்பே போச்சி என்னால.”

அந்த டீயை அவன் மூஞ்சியில் வீசலாம் போல எனக்கு ஆத்திரம் வந்தது. அவன் அப்பாசாமியைத் திட்டியிருந்தால் என் மனசு ஆறியிருக்கும். நெம்மேலி பஸ் வந்தது. சிமெண்ட் லோடு வந்துவிடும், லேட்டாகப் போனால் அரை நாள் கூலி பிடிப்பார்கள் என்று சொல்லிக்கொண்டே ஏறிவிட்டான்.