கொசு இல்லாத கிரகம்

செமோர் பக்கத்து ரப்பர் தோட்டத்துக் கூலி லயத்தில், எங்கள் வீட்டுக்கும் மரியஜோசப் வீட்டுக்கும் நடுவே ஒரு பலகைச் சுவர்தான். அதுவும் கூரை வரை எட்டாது. ஒட்டுக்கேட்டேன் என்று யாரும் என்னைக் குறைசொல்ல வேண்டாம். காதை எங்கே கொண்டுபோய் வைப்பது?

மரியஜோசப்புக்குக் கொசு எண்ணெய் வேலை. முதுகில் தகரத்தைச் சுமந்துகொண்டு சாக்கடை, குட்டை எல்லாவற்றிலும் கொசுப் புழு சாக எண்ணெய் தெளிப்பான். அப்படித் தெளித்தும் அவனுடைய மூன்று வயது மகள் பியாட்ரிஸை மலேரியாக் காய்ச்சல் கொண்டுபோனது. 1924இல் அவன் மனைவி ரோசம்மா மறுபடி முழுகாமல் இருந்தாள். இந்தப் பிள்ளையாவது தங்க வேண்டும் என்பதைத் தவிர இருவருக்கும் வேறு நினைப்பில்லை.

அந்த ஆகஸ்டில் செவ்வாய்க் கிரகம் பூமிக்குக் கிட்டே வருகிறது, அங்கே ஆள் இருந்தாலும் இருக்கலாம் என்று பத்திரிகையில் போட்டிருப்பதாகத் தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி சொன்னார். மரியஜோசப் அதைப் பிடித்துக்கொண்டான். அன்று சாயங்காலமே சொந்தமாக ஒரு கிரகத்தைப் படைக்க ஆரம்பித்துவிட்டான். அதில் கொசு கிடையாது. அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆத்திரத்தில் ஈ, எறும்பு, வண்டு, தேனீ எல்லாவற்றையும் ஒழித்துக்கட்டினான்.

“தேனீ இல்லேன்னா பூசணி எப்படிங்க காய்க்கும்?” என்றாள் ரோசம்மா.

“பூசணி வேணாம். மரவள்ளி குச்சிய நட்டா வந்துடும். வாழை கன்னு விடும். சோளத்துக்குக் காத்து இருக்கு.”

“தவளை எதைத் தின்னும்?”

“தவளையும் கிடையாது. பல்லியும் கிடையாது.”

“உதுந்த எலையெல்லாம் யாரு மக்க வைப்பா?”

“காளான் பாத்துக்கும்லா.”

“மல்லிகை?”

“பதியன் போடலாம்.”

“வண்டு வராத ஊர்ல அது யாருக்காகப் பூக்கணும்?”

“உனக்காக.”

சுவருக்கு இந்தப் பக்கம் நான் சிரித்துவிட்டேன்.

ரோசம்மா பூசணியை விடுவதாக இல்லை. மசக்கை வாய் அதைக் கேட்டது. ஆண்பூவைப் பறித்துப் பெண்பூவில் தடவினால் காய்க்கும் என்று அவளே வழி சொன்னாள். சொல்லிவிட்டு அவளே அதைக் கெடுத்தாள்.

“அப்பறம் விடியக்காலைல பேர் குடுக்கப் பெரட்டுல வரிசையா நிக்கணும். ஆளுக்கு நூறு பூ தடவணும்னு கங்காணி கத்துவான். இதுக்கா அம்புட்டு தூரம் போறோம்?”

அவள் சிரித்தாள். அவனுக்குச் சுருக்கென்று தைத்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு கிரகத்தைப் பற்றிய பேச்சே எழவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அவன் பாராங் கத்தியோடு என் வாசலில் வந்து நின்றான். “அண்ணே, மேல இருக்கிறது கிடக்கட்டும். இங்கயே சுத்தம் பண்ணிடலாம், வாங்க.”

லயத்துக்குப் பின்னால் ஓர் ஓடை. பெரணியும் புதரும் அதை மூடிக் கிடந்தன. பொழுது சாய்ந்தால் பூச்சியெல்லாம் அங்கிருந்துதான் கிளம்பும். ஓடைத் தண்ணீரில் எங்களுக்குச் சந்தேகமே வரவில்லை. நிற்கிற அழுக்குத் தண்ணீரில்தான் கொசு பிறக்கும், ஓடுகிற தெளிந்த தண்ணீரில் பிறக்காது என்று எண்ணெய்க்காரனே அடித்துச் சொன்னான். மூன்று ஞாயிறு வெட்டினோம். மூன்று ஞாயிறும் ரோசம்மா எனக்குச் சோறு போட்டாள். வெட்டி முடித்தபோது வெயில் நேராக ஓடையில் விழுந்தது. அடியில் கிடந்த கூழாங்கல்கூடத் தெரிந்தது. அவனுக்குப் பெருமை தாங்கவில்லை.

இரண்டு மாதத்தில் லயத்தில் வீட்டுக்கு வீடு காய்ச்சல். ரோசம்மாவுக்கும் வந்தது. எட்டாம் மாதத்தில் ஆண்பிள்ளை, செத்தே பிறந்தது. பியாட்ரிஸ் பக்கத்திலேயே குழி தோண்டினோம்.

அடுத்த வாரம் ஒரு சுகாதார அதிகாரி வந்தார். வெள்ளைக் கரண்டியால் ஓடைத் தண்ணீரை மொண்டு காட்டினார். அதில் கொசுப் புழுக்கள் நெளிந்தன.

“இந்த ஜாதிக் கொசுவுக்கு வெயில் படுற தெளிஞ்ச தண்ணிதான் வேணும். நெழல் இருந்தா இது அண்டாது. புதரை யாரு வெட்டினது?”

“நான்தான், ஐயா,” என்றான் மரியஜோசப்.

“தனியாவா?”

அவன் என் பக்கம் திரும்பவில்லை. “தனியாத்தான்.”

வாசலில் நின்ற ரோசம்மா என்னைப் பார்த்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். பயம்தான், வேறென்ன.

அவனை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். இருவரும் தூரத்தில் வேறொரு தோட்டத்துக்குப் போனார்கள். மாட்டுவண்டியில் ஏறுமுன் ரோசம்மா என்னிடம் வந்தாள்.

“அண்ணே, புள்ளைய நான்தான் கொன்னேன்னு அவரு தினமும் சொல்லிக்கிட்டே இருக்காரு. நானும் வெட்டினேன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, அவரு பாரம் பாதியாவது எறங்கியிருக்கும்.”