ஒன்பது பேருக்குப் போன அறிவிப்பு

2024 ஜனவரி 18, வியாழக்கிழமை, முற்பகல் 11.14. வடகீழ்க் காற்று, முக்கால் வானம் மேகம், தூறல் விட்டு இருபது நிமிடம், முற்றத்து வெப்பமானியில் 26 பாகை. வானிலை அவதான நிலையத்தில் முப்பத்தொரு வருடம் வேலை செய்தவனுக்கு இதை எழுதாமல் எதையும் தொடங்க வராது. அந்த நிமிடத்தில்தான் எங்கள் ஊர் இணையப் பக்கத்தின் பாதுகாப்புச் சான்றிதழ் காலாவதியானது. பிற்பகல் மூன்று மணிக்கு ஒரு தாயின் இறுதிக் கிரியையை அவளுடைய ஒரே மகன் அந்தப் பக்கத்தில்தான் பார்க்க வேண்டியிருந்தது.

மகன் ஐரோப்பாவில் ஒரு தடுப்பு முகாமில் இருந்தான். கைப்பேசியை வாங்கி வைத்துவிட்டார்கள். முகாம் அலுவலகக் கணினியில் அரை மணித்தியாலம் இருந்து பார்க்க ஓர் அதிகாரி இரங்கி அனுமதித்திருந்தார். அந்தக் கணினியில் காணொளித் தளங்களுக்கெல்லாம் தடை. எங்கள் பக்கத்தின் முகவரியை மட்டும் முதல் நாள் எழுதிக் கொடுத்துத் திறக்க வைத்திருந்தார்கள். சான்றிதழ் காலாவதியான பக்கத்தை அது திறக்காது. வீட்டுக் கணினியில் எச்சரிக்கையைத் தாண்டிப் போகலாம். அங்கே அந்த வழியும் அடைப்பு.

பக்கம் எங்கள் சனசமூக நிலையத்துடையது. மரண அறிவித்தல், திருவிழா, செத்தவீட்டு நேரலை எல்லாம் அதில்தான் போகும். நான் அதன் காரியதரிசி, வயது எழுபத்தாறு. செலவைக் கொடுப்பது வெளிநாட்டுக் கிளைகள். எங்கள் ஊர்ச் சங்கங்களில் ஒரு வழக்கம் உண்டு. எந்தச் செய்தி போனாலும் எல்லாக் கிளைக்கும் ஒரே நேரத்தில் போக வேண்டும். ஒருவருக்கு முந்திப் போனால் மற்றவர் ஒரு வருடத்துக்குக் கதைக்க மாட்டார். ஆகவே சேவையகத்திலிருந்து வரும் அறிவிப்புகள் ஒன்பது நிர்வாகிகளின் மின்னஞ்சலுக்கும் போகும்படி வைத்திருந்தோம். கடவுச்சொல்லும் ஒன்பது பேரிடமும் இருந்தது. ஒவ்வொரு கிளைக்கும் அதனதன் பெயரில் ஒரு கிளை முகவரி. ஏழு கிளை, ஏழு பெயர், எல்லாம் ஒரே சான்றிதழில்.

அவுஸ்திரேலியாக் கிளை அதற்கு மூன்று வருடம் முன்னரே பிரிந்து போய்விட்டது. புதுக் கட்டடத்தின் அடிக்கல்லில் யாருடைய பெயர் மேலே வருவது என்ற சண்டை. அவர்கள் தங்கள் முகவரியை வேறொரு நிறுவனத்தின் கணினிக்குக் கொண்டு போனார்கள். எங்கள் சான்றிதழில் மட்டும் பெயர் இருந்தது. சான்றிதழுக்கு ஆயுள் மூன்று மாதம், தானாகவே புதுப்பிக்கும். ஆனால் ஏழு பெயரில் ஒன்று தொடர்பில் இல்லையென்றால் முழுச் சான்றிதழும் நின்றுவிடும். பெயரை எடுத்தால் பிரிவை நாங்களே எழுத்தில் ஒப்புக்கொண்டதாகும் என்று நிர்வாகம் தீர்மானம் போட்டிருந்தது.

அதனால் ஒவ்வொரு தவணையும் கடைசி இருபது நாளும் எச்சரிக்கை மழைதான். 'புதுப்பிக்க முடியவில்லை' என்று பெயருக்கு ஒன்றாக ஏழு, முழுச் சான்றிதழுக்கு ஒன்று, நாளுக்கு எட்டு. ஒன்பது பேருக்கும் எட்டு எட்டு. லண்டன்காரர் பக்கத்தை யாரோ உடைத்துவிட்டார்கள் என்று தொலைபேசி எடுப்பார். பாரிஸ்காரர் அரசாங்கம் தடை செய்துவிட்டதா என்று கேட்பார். நான் பதில் சொல்லிக் களைத்து, எல்லாவற்றையும் கண்ணில் படாத ஒரு பெட்டிக்குள் தானாகப் போய் விழும்படி செய்திருந்தேன். கடைசி நாளில் சேவையக நிறுவனத்தில் எனக்குப் பழக்கமான ஒருவர் எப்படியாவது கையால் சரிசெய்து தருவார். அந்த முறை அவர் தைப்பொங்கல் விடுமுறையில் போயிருந்தார். எனக்கு அது தெரியாது.

பதினொன்றே முக்காலுக்கு இறந்த அம்மாவின் மருமகன் மோட்டார் சைக்கிளில் வந்தார். முகாமில் இருந்த மைத்துனனின் பெயரில் வாய்க்கரிசி போட வேண்டியவர் அவர்தான். வேட்டியில் சேறு தெறித்திருந்தது.

"ஐயா, பக்கம் திறக்குதில்லை. ஏதோ ஆபத்தெண்டு சிவப்பாக் காட்டுது."

பார்க்கிறேன் என்றேன். கணினியைத் திறந்தபோது அந்தப் பெட்டிக்குள் அன்றைய நாளில் மட்டும் நூற்றுப் பதினேழு அறிவிப்புகள் கிடந்தன. எட்டுத்தானே வர வேண்டும்? பிறகுதான் விளங்கியது. காலாவதி அறிவிப்பைக் கண்ட நிர்வாகிகள் ஒவ்வொருவராக உள்ளே போய், உதவி செய்வதாக நினைத்துப் 'புதுப்பி' என்ற பொத்தானை அழுத்தியிருந்தார்கள். அழுத்த அழுத்தத் தோற்றது. தோற்கத் தோற்க ஒன்பது பேருக்கும் புது அறிவிப்பு. அதைக் கண்டு அடுத்தவர் அழுத்தினார்.

கொழும்பில் இருக்கும் நிறுவனத்துக்கு எடுத்தேன். பதினாறு நிமிடம் பாட்டுக் கேட்க வைத்தபின் தமிழ் தெரிந்த ஒருவர் வந்தார். பொறுமையாகத்தான் சொன்னார்.

"சார், நிறையத் தடவை தோத்துப் போனதால சிஸ்டம் பூட்டிருச்சு. ஒரு மணி நேரம் யாரும் தொடாம இருந்தா திறக்கும். நடுவுல ஒருத்தர் அழுத்தினாலும் திரும்ப முதல்ல இருந்துதான். அந்த ஒரு பேரையும் எடுத்துடுங்க."

தங்களால் பூட்டைத் திறக்க முடியாதா என்று மூன்று விதமாகக் கேட்டுப் பார்த்தேன். மூன்றுக்கும் ஒரே பதில்தான்.

மணி 12.22. ஒருவரும் கை வைக்க வேண்டாம் என்று நிர்வாகிகளின் வட்ஸ்அப் குழுவில் எழுதினேன். காரணத்தையும் எழுதினேன். ஏழு பேர் கும்பிடும் கை போட்டார்கள். 12.31க்கு யாரோ அழுத்தினார். திரும்ப எழுதினேன். 12.48க்கு இன்னொருவர், கும்பிடும் கை போட்டவர்களில் ஒருவர். சரி வந்துவிட்டதா என்று பார்க்கத்தான் அழுத்தினாராம். நான் வீட்டுக்குள்ளே வாசலுக்கும் கணினிக்குமாக நடந்தேன். மனைவி சோற்றைப் போட்டு மூடி வைத்துவிட்டு, இருந்து சாப்பிடச் சொன்னாள். செத்தவீட்டுப் பறை இரண்டு ஒழுங்கை தள்ளிக் கேட்டது.

பெயரை எடுக்க நிர்வாகத் தலைவரிடம் கேட்க வேண்டும். அவர் ரொறன்ரோவில். பள்ளிக்கூடத்தில் பத்து வருடம் எனக்குப் பக்கத்து வாங்கில் இருந்தவர். அங்கே நடுச்சாமம் கழிந்து இரண்டரை. தொலைபேசி இரண்டாம் தரம் அடிக்கும்போதே எடுத்தார். அறிவிப்புச் சத்தத்தில் அவரும் நித்திரை கொள்ளவில்லை.

"மச்சான், அந்தப் பேரிலை மட்டும் கை வையாதை," என்றார். "இவ்வளவு காலமும் அவங்கள் திரும்பி வருவாங்கள் எண்டுதானே வைச்சிருந்தனாங்கள். நீ எடுத்தியெண்டால் நாளைக்கு அதைப் படம் பிடிச்சுப் போட்டு, கலைச்சது நாங்களெண்டு சொல்லுவாங்கள்."

"அங்கை ஒரு பிள்ளை தாயின்ரை முகத்தைப் பாக்க முகாமிலை காத்துக்கொண்டிருக்கு."

"எனக்கு விளங்காதே? கூட்டத்தைக் கூட்டிக் கேட்டுப்போட்டு எடுப்பம். சூமிலை கூப்பிடுறன்."

"எத்தினை மணிக்கு?"

"எல்லாருக்கும் வசதியான நேரமாப் பாப்பம்."

நான் வைத்துவிட்டேன். மணி 1.04. இன்னும் ஒருவர் அழுத்திய அறிவிப்பு அப்போதுதான் வந்து விழுந்தது. அதை எண்ணவில்லை. உள்ளே போனேன். கடவுச்சொல்லை மாற்றினேன். மற்ற எட்டுப் பேரும் வெளியே போனார்கள். பிறகு ஏழு பெயரில் ஒன்றை அழித்தேன். அவசரத்தில் இரண்டு முறை தவறான வரியில் போய் நின்றேன். எல்லாம் முடிய 1.09.

பிறகு ஒரு மணித்தியாலம். நான் தொடக்கூடாது, வேறு யாராலும் தொட முடியாது. தொலைபேசி அடித்துக்கொண்டேயிருந்தது. லண்டன், பாரிஸ், ஒஸ்லோ, திரும்ப லண்டன். எடுக்கவில்லை. எடுத்தால் கடவுச்சொல்லைச் சொல்லிவிடுவேன் என்று பயம். மனைவி தொலைபேசியைத் துவாயில் சுற்றி அலுமாரிக்குள் வைத்தாள்.

"ஒருக்கா அழுத்திப் பாப்பமோ?" என்று 1.50க்கு நானே கேட்டேன்.

"உங்களுக்கும் அவைக்கும் என்ன வித்தியாசம்?" என்றாள். சோற்றுக் கோப்பையை என் முன்னால் தள்ளினாள். நாலு வாய் சாப்பிட்டேன்.

2.09 கழிந்தது. என் கைக்கடிகாரத்தில் நம்பிக்கையில்லாமல் மேலும் ஐந்து நிமிடம் விட்டு, 2.14க்கு அழுத்தினேன். வட்டம் சுற்றியது. நாற்பது விநாடி. முகவரிக்குப் பக்கத்தில், பாதுகாப்பானது என்று காட்டும் பூட்டு அடையாளம் வந்தது. சிவப்புப் போய்ப் பக்கம் திறந்தது. அந்த அம்மாவின் படமும் பெயரும் மேலே. மருமகனுக்குச் சொல்ல அலுமாரியைத் திறந்து தொலைபேசியை எடுத்தேன். அப்போதும் அது அடித்துக்கொண்டிருந்தது.

செத்தவீட்டுக்கு நான் போகவில்லை. போனால் இங்கே ஏதாவது நின்றுவிடுமோ என்றிருந்தது. கணினிக்கு முன்னாலேயே இருந்தேன். மூன்று மணியாகியும் அந்த முகாமிலிருந்து அவன் பக்கத்துக்குள் வந்தானா இல்லையா என்று தெரிந்துகொள்ள வழியில்லை. பார்ப்பவர்கள் 212 என்று பக்கம் காட்டியது. அதில் யார் எவர் என்று காட்டாது. 3.06க்கு மருமகன் அரிசியைக் கையில் எடுத்தார். பெட்டியடியில் நின்றவர் திரும்பிக் கமராவைப் பார்த்தார்.

"மச்சான், உன்ரை பேரிலை போடுறன். தெரியுதோ?"

அவர் போடாமல் நின்றார். அழுகைச் சத்தம் கொஞ்சம் அடங்கியது. காத்திருக்கிறார் என்று விளங்கிப் பின்னால் நின்றவர்களும் அசையவில்லை. பக்கத்தின் அடியில் அனுதாபம் எழுதுகிற இடத்தில் ஒரு வரி வந்தது.

"தெரியுது அத்தான். போடுங்கோ."

யாரோ ஒரு பிள்ளை தன் கைப்பேசியில் பார்த்து அதைச் சத்தமாக வாசித்தது. அவர் அரிசியைப் போட்டார்.

கூட்டம் ஞாயிற்றுக்கிழமை நடந்தது, எல்லாருக்கும் வசதியான நேரத்தில். ஒருவரும் அந்த மகனைப் பற்றிப் பிழையாக ஒன்றும் சொல்லவில்லை. நல்ல காரியம் என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். ஆனால் யாரைக் கேட்டுக் கடவுச்சொல்லை மாற்றினேன் என்று ஐந்து கிளைகள் கேட்டன. திரும்பக் கொடுக்கச் சொன்னார்கள். அறிவிப்புகளை ஒருவருக்கு மட்டும் வரும்படி விட்டால் கொடுக்கிறேன் என்றேன். அந்த ஒருவர் யார் என்ற சண்டையில் கூட்டம் முடிந்தது. ரொறன்ரோ நண்பர் கடைசியாகச் சொன்னது: "சாவியை வைச்சிருக்கிறவர் வாடகையையும் கட்டட்டும், மச்சான்." சிரித்துக்கொண்டு சொன்னார். அதன்பிறகு எந்தக் கிளையிலிருந்தும் காசு வரவில்லை. அவரும் தொலைபேசி எடுப்பதில்லை.

அறிவிப்புகள் நின்றுவிட்டன. ஆறு பெயரும் சரியாக இருப்பதால் சான்றிதழ் தானாகப் புதுப்பித்துக்கொள்கிறது, ஒன்றும் சொல்வதில்லை. ஒன்றும் சொல்லாமல் இருப்பதுதான் இப்போது எனக்குப் பயமாக இருக்கிறது. காலையில், மத்தியானம், பின்னேரம், படுக்கப் போகுமுன் என்று பக்கத்தைத் திறந்து பூட்டு இருக்கிறதா என்று பார்க்கிறேன். நேற்று ஐந்து தடவை.

சேவையக வாடகை வருடத்துக்கு 46,800 ரூபாய். முகவரிப் பதிவு 5,400. அன்றைய தொலைபேசிச் செலவு 1,270. மொத்தம் 53,470 ரூபாய், என் ஓய்வூதியத்திலிருந்து.